லிஸ்பனா, போர்ட்டோவா? முதுகுப்பையோடு ஒரே ஒரு நாள்

ஸ்பெயினைச் சுற்றிவிட்டுப் போர்ச்சுகலுக்குள் நுழையும்போது கையில் ஒரு நாள்தான் மிஞ்சியிருக்கிறது, லிஸ்பனா போர்ட்டோவா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் போர்ட்டோ என்பேன். தலைநகரை விட்டுவிட்டா என்று புருவம் உயரும். உயரட்டும். லிஸ்பன் மூன்று நாள் கொடுத்தால் மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஊர். ஒரே நாள் கொடுத்தால் அதில் பாதியை வரிசைகளிலும் டிராம் நிறுத்தங்களிலும் கழிக்க வைத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே சுமார் 310 கிலோமீட்டர். விரைவு ரயிலில் மூன்று மணி நேரம். லிஸ்பன் மாநகருக்குள் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் வசிக்கிறார்கள், போர்ட்டோவில் அதில் பாதிகூட இல்லை. கால்நடையாகச் சுற்றுபவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடாலயமும், 1837 முதல் முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் சுடும் புகழ்பெற்ற கடையும் இருக்கும் பெலேம் பகுதி நகர மையத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரத்தில் கிடக்கிறது. கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்த மடாலயத்தில்தான் உள்ளது. பார்க்க ஆசைதான். ஆனால் போய்வர, வரிசையில் நிற்க என்று அரை நாள் போய்விடும். போர்ட்டோவில் சந்தை, ரயில் நிலையம், மணிக்கூண்டு, பாலம் நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று பத்துப் பதினைந்து நிமிட நடை.

லிஸ்பனைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் 28ஆம் எண் டிராமின் புகைப்படத்தைப் பார்த்து மயங்கியவர்கள். சிறிய மஞ்சள் பெட்டி, மர இருக்கை, சந்துகளில் சுவரை உரசிக்கொண்டு ஏறும் அழகு எல்லாம் உண்மை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு மார்த்திம் முனீஸ் சதுக்கத்தில் அதற்கு நிற்கும் வரிசையும் உண்மை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள், சிலர் அவர்களுடைய பைகளைக் குறிவைத்து ஏறியவர்கள். முதுகுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் நிலையில் ஜன்னலுக்கு வெளியே என்னத்தைப் பார்ப்பது? அதே பாதையை நடந்தே ஏறுவது மேல்.

அப்படி ஏறினால் அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்புப் பகுதி வரும். 1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கம், அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலை, தீ மூன்றும் கீழ்நகரை அழித்தன. அங்கே அன்றைய அமைச்சர் மார்க்கேஸ் ட பொம்பாலின் ஆணைப்படி நேர்கோட்டுத் தெருக்கள் எழுந்தன. குன்றின் மேலிருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் அங்கே இன்னும் சந்துகள் பின்னிக் கிடக்கின்றன. வீட்டு வாசலில் சிறு மேசை போட்டு, புளிப்புச் செர்ரியில் ஊறிய ஜின்ஜா மதுவைச் சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தரும் மூதாட்டிகளை அங்கே பார்க்கலாம். ஊற்றும்போது ஒரு செர்ரிப் பழமும் கிண்ணத்தில் விழுகிறதா என்று கவனமாகப் பார்ப்பார்கள். குடித்த பிறகு கிண்ணத்தைத் தின்றுவிடு என்று சைகையால் காட்டுவார்கள். அவர்களோடு ஒரு நிமிடம் பேசலாம். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் பல இன்று பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போய்விட்டன. ஊர்க்காரர்களைச் சந்திக்க ஆசைப்பட்டு ஊர்க்காரர்கள் காலி செய்த தெருவில் நடப்பது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

போர்ட்டோவிலும் இந்த நோய் இல்லாமல் இல்லை. ரிபெய்ரா ஆற்றங்கரையில் சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிடுபவர்களைத் தாண்டி ஓடத்தான் வேண்டும். உள்ளே நுழையவே டிக்கெட் கேட்கும் ஒரு புத்தகக் கடையும் அங்கே உண்டு. நான் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்த ரகம். இருந்தாலும் நடு நகரத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் வேலையாக வந்துபோகும் இடங்கள் மிச்சமிருக்கின்றன. முதலில் சாவ் பெந்து ரயில் நிலையம். முகப்பு மண்டபச் சுவர்களில் ஜோர்ஜ் கொலாசு வரைந்த நீல வெள்ளை ஓடுகள், ஏறத்தாழ 20,000. போர்க்களமும் அரச ஊர்வலமும் மேலே நடக்க, கீழே அலுவலகம் முடிந்தவர்கள் காய்கறிப் பையோடு புறநகர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

அடுத்தது பொல்யாவ் சந்தை. பல ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு 2022இல் திறந்தது. பழைய கடைக்காரர்கள் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். போர்ட்டோவின் நட்பு எப்படி இருக்கும் என்பதற்கு அங்குள்ள ஒரு ஆலிவ் கடை அம்மாளைச் சொல்ல வேண்டும். கடைக்குள் வந்ததும் “போம் தியா” என்று காலை வணக்கம் சொன்னால் முகம் மலர்கிறது. ஒரு வகையைக் காட்டி விலை கேட்டேன். அது வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, வேறொரு வாளியிலிருந்து நான்கைந்தை என் உள்ளங்கையில் போட்டு, கொட்டையைத் துப்ப ஒரு காகிதத்தையும் நீட்டினார். நான் மென்று முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புக்குக் காத்திருந்தார். விற்பனைத் தந்திரம் என்று சொல்லலாம். கேட்டதைவிட அவர் போட்டது மலிவு.

திருவிழாக் காலம் என்றால் கணக்கு மாறும். ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் விழா. அல்ஃபாமா முழுக்க மத்தி மீன் சுடும் புகை. ஜூன் 23 இரவு போர்ட்டோவில் புனித யோவான் விழா. முன்பின் தெரியாதவர்கள் பிளாஸ்டிக் சுத்தியலால் உங்கள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போவார்கள். நீங்களும் திருப்பித் தட்டலாம். கூச்ச சுபாவிகளுக்கு இதைவிட எளிய அறிமுகம் ஐரோப்பாவில் கிடைக்காது.

சாப்பாட்டில் மட்டும், குறிப்பாகச் சைவர்களுக்கு, லிஸ்பனே மேல். போர்ட்டோவின் பெருமை பிரான்செசின்யா: ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, பன்றித் தொத்திறைச்சி, மேலே உருகிய சீஸ், சுற்றிலும் தக்காளியும் பீரும் கலந்த குழம்பு. இன்னொரு பெருமை குடல் கறி. காய்கறி சூப்பில்கூட ஒரு துண்டுத் தொத்திறைச்சி மிதக்கும். லிஸ்பனில் மார்த்திம் முனீஸைச் சுற்றி வங்கதேச, இந்திய, நேபாளக் கடைகள் இருக்கின்றன. பருப்பும் சோறும் கிடைத்துவிடும். இரண்டு ஊருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: நீங்கள் கேட்காமலேயே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் இலவசமல்ல. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் சிரித்தபடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாலைக்கு லிஸ்பனில் செனோரா டோ மொன்டே குன்று. கோட்டையும் தேஜோ ஆறும் ஒரே பார்வையில் அகப்படும். போர்ட்டோவில் டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடந்து அக்கரையான கயாவுக்குப் போக வேண்டும். 1886இல் திறந்த இரும்புப் பாலம். வடிவமைத்த தியோஃபில் செய்ரிக் முன்பு, பாரிஸ் ஐஃபல் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஐஃபலின் கூட்டாளி. அதே மேல்தளத்தில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. மணியோசை கேட்டால் எல்லோரும் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி தண்டவாளத்தில் நடக்கிறார்கள். அக்கரையில் போர்ட் ஒயின் கிடங்குகள். நொதிக்கும் திராட்சைச் சாற்றில் பாதியிலேயே மதுசாரம் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் இனிப்பு அதில் தங்கிவிடுகிறது என்பதை அங்கே விளக்கிச் சொல்வார்கள். குடிக்காதவர்கள் பாலத்தின் முனையிலுள்ள பூங்காவின் புல்லில் உட்கார்ந்துவிடலாம். கிதார் வாசிக்க யாராவது இருப்பார்கள்.

என் தீர்ப்பு மாறும் நாட்களும் உண்டு. குளிர்காலத்தில் போர்ட்டோவில் மழை அதிகம். கருங்கல் கட்டடங்கள் மழையில் மேலும் இருண்டுவிடும், அப்போது லிஸ்பன் வெயிலை நம்பலாம். ஞாயிறு என்றால் பொல்யாவ் சந்தை மூடியிருக்கும். செவ்வாய், சனிக்கிழமைகளில் லிஸ்பனின் சாந்தா கிளாரா திடலில் பழம்பொருள் சந்தை கூடும். உடைந்த ரேடியோவுக்கு விலை பேசியபடி ஊர்க்காரர்களோடு அரட்டை அடிக்க அது நல்ல இடம். திங்களன்று ஜெரோனிமோஸ் மூடியிருக்கும் என்பதால் அன்று பெலேமை மறந்துவிடலாம்.

போர்ட்டோ என்று முடிவானால், லிஸ்பனிலிருந்து வரும் விரைவு ரயில் நகர மையம் வரை போகாது, கம்பன்யா நிலையத்தோடு நின்றுவிடும். டாக்சி தேட வேண்டாம். அதே டிக்கெட்டில் அங்கிருந்து உள்ளூர் ரயிலேறினால் ஐந்தாறு நிமிடத்தில் சாவ் பெந்து. முதுகுப்பையை அங்குள்ள பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்கலாம்.