மேஜிக் செய்ய எந்த காட்ஸ் வாங்கலாம்? பைசிக்கிள் ரைடர் பேக் தான்
மேஜிக் பழக காட்ஸ் தேடுற ஆக்களுக்குச் சொல்றன், யோசிக்காம பைசிக்கிள் ரைடர் பேக் எடுங்க, பைசிக்கிள் எண்டது காட்ஸ் பிராண்ட், ரைடர் பேக் எண்டது அதின்ர பின்பக்க டிசைன். மட்டக்களப்பு டவுன் கடையளில தொங்குற பிளாஸ்டிக் கட்டு 304 எண்ட காட்ஸ் விளையாட்டு அடிக்க நல்லம், தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது, ஆனா புதுசில கையில நிக்காம வழுக்கும், டபுள் லிப்டுக்கு, அதாவது ரெண்டு காட்ட ஒரு காட் மாதிரித் தூக்கிக் காட்டுறதுக்கு, ரெண்டையும் ஒண்டாப் பிடிக்கிறதே கஷ்டம். பைசிக்கிள் பேப்பர் காட்ஸ், மேல ஏர் குஷன் பினிஷ் இருக்கு, வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தா சின்னச் சின்னக் குழியாத் தெரியும், அதாலதான் விசிறி மாதிரி ஒரே அளவா விரியுது. பின்பக்கம் சுத்திவர வெள்ளை போடர், நடுவில ஒரு காட்டத் திருப்பி வெச்சாலும் லேசில பிடிபடாது. இதே டிசைன்ல டிரிக் காட்ஸும் வருது, ரெண்டு பக்கமும் பின்பக்கமா இருக்கிறது, முகம் வெறுமையா இருக்கிறது எண்டு, கட்டுக்குள்ள கலந்தா ஆருக்கும் தெரியாது, எனக்கு இதான் பெரிய விஷயம்!

அகலம் 2.5 இஞ்சி, சின்னக் கை எண்டா 2.25 இஞ்சி பிரிட்ஜ் சைஸ் பாருங்க. குறை ஒண்டுதான், நம்மட வாவிக் காத்துக்கும் வேர்வைக்கும் ஈரம் குடிச்சு வளைஞ்சிரும். மார்கழி மழைக்குள்ள காத்துப் போகாத டப்பாவில போட்டு வைங்க, கையக் கழுவி நல்லாத் துடைச்சிட்டுத் தொடுங்க.