கை வழியா, இடுப்பு வழியா? ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறவருக்கு

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோயுள்ளவர்களுக்கு ஏற்றுவதற்காக, ரத்தத்தை உருவாக்கும் தாய்ச் செல்லான ஸ்டெம் செல்லைத் தானம் கேட்டுக் கல்லூரியில் பதிவு முகாம் போட்டால், பொருத்தம் பார்ப்பதற்குப் பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்துக் கொடுக்க யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. அதற்கப்புறம் வரும் கேள்விதான் எல்லோரிடமும் ஒன்றாக இருக்கிறது: “முதுகெலும்புல ஊசி குத்துவாங்களாமே?” குத்த மாட்டார்கள். தண்டுவடத்தின் பக்கமே யாரும் போவதில்லை. எடுப்பதற்கு இரண்டே வழிகள். ஒன்று கை ரத்தக்குழாய், இன்னொன்று இடுப்பெலும்பு.

உறவில்லாத ஒருவருக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் இன்று கை வழியாகத்தான் கொடுக்கிறார்கள். ஜி-சிஎஸ்எஃப் என்ற மருந்தை நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் அடைந்து கிடக்கும் ஸ்டெம் செல்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் இறக்கிவிடுவது இதன் வேலை. அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் தொடையும், ஃப்ளூ வந்ததுபோலக் குடையும். தலைவலி இருக்கும், தூக்கம் சரியாகப் பிடிக்காது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களும் உண்டு. மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்பதால் கபடி, ஜிம் எல்லாம் அப்போதைக்கு வேண்டாம்.

எடுக்கும் நாளில் மயக்க மருந்து கிடையாது. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். ஸ்டெம் செல் மட்டும் பிரிந்து பையில் சேர, மீதி மறு கை வழியாக உடம்புக்கே திரும்பும். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். செல் போதாவிட்டால் மறுநாளும் உட்கார வேண்டியிருக்கும். ஊசி ஏறிய கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால்கூடப் பக்கத்திலிருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதனால் உதடும் விரல் நுனியும் விறுவிறுக்கலாம். நர்ஸிடம் சொன்னால் கால்சியம் கொடுப்பார், சரியாகிவிடும். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதில் வீரம் ஒன்றுமில்லை.

இடுப்பு வழி அறுவை அரங்கில் நடப்பது. முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. எடுக்கும் அளவு ஒரு லிட்டரைத் தாண்டலாம். நோயாளி குழந்தை என்றால் குறைவாகவே போதும். தோலில் சின்னச் சின்னத் துளைகள்தான், எலும்பை அறுப்பதில்லை. எழுந்தபின் இடுப்பு, தரையில் பலமாக விழுந்ததுபோல வலிக்கும். மாடிப்படியிலும் பைக்கில் வேகத்தடை ஏறும்போதும் அது நன்றாகவே தெரியும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம். அசதிக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். எடுத்த மஜ்ஜை நாலிலிருந்து ஆறு வாரத்தில் ஊறிவிடும்.

கொடுப்பவர் பக்கமிருந்து மட்டும் பார்த்தால் கை வழிதான் லேசு. ஆனால் பெறுகிறவருக்கும் அதுவே நல்லதா? ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இரண்டாண்டு உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கை வழியில் கிடைத்த செல் நோயாளி உடம்பில் ஒட்டாமல் போனது 3 சதவீதம், மஜ்ஜையில் 9 சதவீதம். ஆனால் கொடையாளரின் வெள்ளணுக்கள் நோயாளியின் தோல், வாய், கண், நுரையீரல் என்று நெடுங்காலம் தாக்கும் தொல்லை கை வழியில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41.

ரத்தப் புற்றுநோயில் இந்தத் தாக்குதலுக்கு ஒரு லாபமும் உண்டு. மிச்சம் மீதியிருக்கும் புற்றணுவையும் அது தேடி அழிக்கும். பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவிலும், மஜ்ஜை வற்றிப்போகும் ஏபிளாஸ்டிக் அனீமியாவிலும் அழிக்கப் புற்றணுவே இல்லை. ஆகவே தாக்குதல் அங்கே வெறும் நட்டம். இந்த நோய்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, மருத்துவர்கள் மஜ்ஜையாகக் கேட்பது இதனால்தான். கேட்பது அவர்கள், கடைசி வார்த்தை உங்களுடையது. எனக்குக் கை வழி பிடிக்கும். ஆனால் ஒரு தலசீமியாக் குழந்தைக்கு மஜ்ஜை கேட்டு வந்தால் இரண்டு வார இடுப்புவலியைக் காரணம் சொல்லி மறுக்க எனக்கு மனம் வராது.

மறுப்பதானால் முதல் அழைப்பிலேயே மறுத்துவிடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. செல் ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. முகாமில் பெயர் கொடுக்கும் அன்றே வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் பலரைத் தடுப்பது ஊசி பயம் அல்ல, வீட்டுக்காரர்கள்தான்.

“தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவிட்டால் இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். 1988-ல் பாரிஸில் முதன்முதலாகத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிச் சிகிச்சை செய்தார்கள், முறை உண்மையானதுதான். ஆனால் ஒரு கொடியில் கிடைக்கும் செல் வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது. குழந்தைக்குப் பிற்காலத்தில் தலசீமியா என்று தெரியவந்தால், அதே மரபணுக் கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். தகுந்த காரணமில்லாமல் தனியார் வங்கியில் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அப்படிப்பட்ட நோய் இருந்தால் கதை வேறு. மற்றவர்களுக்கு, என் பார்வையில், தண்டச் செலவு.

பாதி மட்டும் பொருந்தும் உறவினரிடமிருந்து எடுப்பது வேறு விஷயம், வெளியாள் கொடைக்கு அது நிஜமான போட்டியாளர். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. பெற்றோரும் பிள்ளைகளும் எப்படியும் பாதி பொருந்துவார்கள். செல் ஏற்றியபின் சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்ததிலிருந்து இந்தப் பாதியை வைத்தே நிறையப் பேரைக் காப்பாற்றுகிறார்கள். நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன் கட்டும் குடும்பங்களில் சொந்தத்துக்குள்ளேயே முழுப் பொருத்தம் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம், அதே வழக்கம் தலசீமியா போன்ற நோய்களைக் கூட்டுகிறது என்றாலும். ஆனால் அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டி சர்க்கரையும் இதயக் கோளாறும் இருந்தால்? நோயாளியின் ரத்தத்தில் அந்த உறவினருக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால்? அப்போது வெளியே ஒரு இளைஞரைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ என்ற செல் அடையாளங்கள் வம்சாவளியை ஒட்டியே வருவதால், டொராண்டோவில் இருக்கும் தமிழ் நோயாளிக்கும் பொருத்தமானவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கக்கூடும். கொடையாளர் பதிவேடுகளில் தாத்ரி 2009-லிருந்து சென்னையில் இயங்குகிறது. டிகேஎம்எஸ் இந்தியா பெங்களூரில் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் உலகத் தேடலில் உங்கள் விவரம் தெரியும், ஆகவே ஒன்றில் பதிந்தால் போதும். கொடுப்பவருக்குச் செலவும் கிடையாது, காசும் கிடையாது. அழைப்பு வர பத்து வருடம்கூட ஆகலாம், வராமலே போகலாம். நடுவில் சிம் மாற்றினால் புது எண்ணைப் பதிவேட்டுக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.