கத்தி இல்லாத மல்டிடூலா, மேக்னட் வச்ச மல்டிடூலா?

கத்தி, குறடு, கத்தரிக்கோல்னு பல கருவிய ஒண்ணா மடக்கி வச்ச பாக்கெட் டூல்தான் மல்டிடூல், அது அடுத்து எந்தப் பக்கம் போகும்னு ரெண்டு கம்பெனிய வச்சே பார்க்கலாம். ஸ்விஸ் கம்பெனி விக்டோரினாக்ஸ் 1897-ல ஆபிசர் கத்திக்கு (இப்போ ஸ்விஸ் ஆர்மி கத்தின்னு சொல்றது) பேடன்ட் வாங்கின ஆளுங்க, அவங்களே 2024-ல பிளேடே இல்லாத டூல் செஞ்சிட்டிருக்கோம்னு சொல்லிட்டாங்க, காரணம் பல நாட்டுல கத்திச் சட்டம் இறுகிட்டே போகுது. பிரிட்டன்ல, விரிச்சதும் லாக் ஆகாத, மூணு இஞ்சுக்குள்ள இருக்கிற மடக்குக் கத்திய சும்மா பையில வச்சுக்கலாம், ஆனா லாக் ஆகுற பிளேடுக்கு தகுந்த காரணம் சொல்லணும்.

அமெரிக்க மல்டிடூல் கம்பெனி லெதர்மேன் நேர் எதிர்ப் பக்கம். 2019-ல வந்த அவங்களோட ஃப்ரீ பி4 மாடல்ல கைப்பிடிக்குள்ள மேக்னட் இருக்கு, ஒரு கையாலயே விரிச்சா குறடு டக்னு வந்து நிக்கும், நகத்த விட்டு நோண்டவே வேணாம், ஏணில ஒரு கைய பிடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவனுக்கு இதோட அருமை தெரியும். ஆனா பிளேடு லாக் ஆகும், அதனால லண்டன்ல அது சிக்கல்தான். அப்புறம் 2023-ல அவங்களோட ஆர்க் மாடல், அதுல பிளேடு மேக்னாகட்ங்கிற ஸ்டீல், துருவும் லேசுல பிடிக்காது முனையும் சீக்கிரம் மழுங்காது, விலைதான் கண்ண கட்டுது.

விமானத்துல கையிலயே எடுத்துட்டுப் போகணும், ஆபீஸ் செக்யூரிட்டியில மாட்டக்கூடாதுன்னா பிளேடு இல்லாததுதான் சரி, பார்சல் பிரிக்க சின்ன கத்தரிக்கோல் போதும். ஆனா கயிறு அறுக்கணும், ஒயர் தோல் சீவணும்னா கத்தரிக்கோல் பத்தாதுங்க. தினம் கைவேலை செய்யிற எனக்கு மேக்னட் பக்கம்தான் மனசு போகுது, கத்திய எடுத்துட்டா பாதி டூல் போன மாதிரி.