கிளிப் எங்கே போச்சு? கேம் பதிவுக்கு நான்கு வழிகள்

“மிராஜ் மேப்ல ஸ்மோக்குக்குள்ள நின்னு மூணு பேரை எடுத்தியே, அந்த கிளிப்பை அனுப்புடா” என்று, கூட கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் நண்பன் கேட்டான். ஸ்மோக் என்றால் புகைக்குண்டின் புகை, எடுத்தது என்றால் சுட்டு வீழ்த்தியது. அனுப்பலாம் என்று டி டிரைவைத் திறந்தால் மூன்று ஃபோல்டர்கள். முதல் ஃபோல்டரில் எல்லா ஃபைலும் ‘ரீப்ளே’ என்று தொடங்கி, பின்னால் தேதியும் நேரமும் மட்டும். இரண்டாவதில் கேம் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு கேமுக்கே 212 ஃபைல். மூன்றாவதில் வீடியோவையே காணோம், ஏதோ துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடியதில் முக்கால் மணி நேரம் போனது. மூன்று மென்பொருளை ஒரே நேரத்தில் ஓடவிட்டவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கேம் ரெக்கார்டிங் மென்பொருள்களை ஒப்பிடும் வீடியோக்கள் பெரும்பாலும் எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எவ்வளவு குறைகிறது என்ற கேள்வியிலேயே சுற்றுகின்றன. அந்தக் கேள்விக்கு வயதாகிவிட்டது. 2012-இல் வந்த கெப்ளர் கிராஃபிக்ஸ் கார்டுகளிலிருந்தே என்விடியா, வீடியோவைச் சுருக்குவதற்கென்று சில்லுக்குள் தனியாக ஒரு பகுதியை வைத்திருக்கிறது. ஏஎம்டியிலும் இன்டெலிலும் அதே போல உண்டு. கேமை வரைகிற வேலை ஒரு பக்கம், அதைப் பதிகிற வேலை இன்னொரு பக்கம். எனவே கார்டு ரொம்பப் பழசாக இல்லாவிட்டால் எதில் பதிந்தாலும் கேம் பெரிதாகத் திணறாது. பதிந்ததை ஆறு மாதம் கழித்து எடுக்க முடிகிறதா என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. நான் இங்கே பார்ப்பதும் அதை வைத்துத்தான்.

முதலில் என்விடியா. அதன் பதிவு வசதி ஷேடோபிளே என்ற பெயரில் 2013-இல் வந்தது. இன்று என்விடியா ஆப்புக்குள் இருக்கிறது. முன்பிருந்த ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸுக்குள் நுழைய லாகின் கேட்டார்கள். 2024 நவம்பரில் முழு வடிவம் பெற்ற புதிய ஆப்பில் அந்தத் தொல்லை இல்லை. இன்ஸ்டன்ட் ரீப்ளேயை ஒருமுறை ஆன் செய்துவிட்டால் போதும். கடைசி சில நிமிடங்களை அது எப்போதும் கையில் வைத்திருக்கும், அதிகபட்சம் 20 நிமிடம். நல்ல ஆட்டம் ஒன்று நடந்த பிறகு ஆல்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் அது ஃபைலாகிவிடும். நடக்கப்போவதை யூகித்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தத் தேவையில்லை, நடந்து முடிந்ததைப் பிடித்துவிடலாம்.

ஒழுங்குபடுத்துவதிலும் இது மோசமில்லை. ஒவ்வொரு கேமுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, ஃபைல் பெயரில் கேம், தேதி, நேரம் எல்லாம் எழுதி, இன்ஸ்டன்ட் ரீப்ளே கிளிப்பாக இருந்தால் கடைசியில் ‘டிவிஆர்’ என்று சேர்த்துவிடும். முழு ரெக்கார்டிங் எது, பின்னால் பிடித்த கிளிப் எது என்று அந்த மூன்றெழுத்தை வைத்தே பிரித்துவிடலாம். குறைகளும் உண்டு. பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் போல நகல் தடை உள்ள வீடியோ ஓடினால் இன்ஸ்டன்ட் ரீப்ளே சத்தமில்லாமல் நின்றுவிடுவதுண்டு. பிறகு பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் சேமிக்காது. இன்னொன்று, இதன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இராது, கேமின் வேகத்தோடு ஏறி இறங்கும். பார்ப்பதற்கு இதனால் பாதகமில்லை. எடிட்டிங் மென்பொருளில் போட்டால்தான், போகப்போக வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாக விலகும். எடிட் செய்கிறவர்கள் முதலில் எரிச்சலாவது இதில்தான்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு 2016 டிசம்பரில் ரிலைவ் என்ற பெயரில் வந்தது கிட்டத்தட்ட இதே வசதி. அதைத் தனியாக அலச ஒன்றுமில்லை.

அடுத்து ஓபிஎஸ். 2012-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைவ் ஸ்ட்ரீம் செய்கிறவர்களின் கருவி என்றுதான் பலரும் இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செட்டிங்ஸுக்குள் ரீப்ளே பஃபர் என்று ஒன்று இருக்கிறது. என்விடியாவின் இன்ஸ்டன்ட் ரீப்ளே செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஆனால் எந்தக் கார்டிலும் செய்யும்.

ஒரு முக்கியமான வித்தியாசம், ஓபிஎஸ் அந்தக் கடைசி நிமிடங்களை டிஸ்க்கில் வைக்காமல் ரேமில் வைக்கிறது. 1080பி, 60 ஃபிரேம், பிட்ரேட் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) என்று வைத்தால் நொடிக்கு 6.25 எம்பி, நிமிடத்துக்கு 375 எம்பி. ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 1.9 ஜிபி ரேம் போய்விடும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் கேமும் குரோமும் நண்பர்களோடு பேசும் டிஸ்கார்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 1.9 பெரிய தொகை. ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், பிட்ரேட்டையும் 20-க்கு இறக்குங்கள், 150 எம்பியில் முடிந்துவிடும். எஸ்எஸ்டி சும்மா தேயாமல் இருப்பது இதில் கிடைக்கிற லாபம்.

ஓபிஎஸ்ஸை நான் விடாததற்குக் காரணம் ஒலி. ஆறு தனித்தனி டிராக் வரை பதியலாம். கேம் சத்தம் ஒன்றில், டிஸ்கார்டில் நண்பர்கள் பேசுவது இன்னொன்றில், என் மைக் மூன்றாவதில். பின்னாலிருந்து அம்மா “சாப்பிட வாடா, எத்தனை தடவை கூப்பிடுறது” என்று கத்தியது மைக் டிராக்கில் மட்டும்தான் இருக்கும். அதை மியூட் செய்துவிட்டு மற்றதை அப்படியே விடலாம். என்விடியாவில் மைக்கைப் பிரிக்கலாம், டிஸ்கார்டையும் கேமையும் இந்த அளவுக்குப் பிரித்து ஆள முடியாது.

இன்னொன்று ஃபைல் வடிவம். சாதாரண எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை இல்லாமல் ஃபைல் நின்றுவிடும். ஒரு மழை நாளில் எனக்கு அப்படி ஆனது. இரண்டு மணி நேர ரெக்கார்டிங், 14 ஜிபி, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டால்கூட புத்தகத்தைப் படித்துவிடலாம். இது பக்க எண்ணும் இல்லாமல் தாள்களைக் கலைத்துப் போட்ட மாதிரி. எம்கேவி வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை, போன இடம் வரை ஓடும். 2024-இல் வந்த 30.2 பதிப்பில் ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கரண்ட் போனாலும் தாங்கும், முடிந்ததும் சாதாரண எம்பி4 போல எங்கும் திறக்கும். ஹாட்கீ (நாம் ஒதுக்கிய குறுக்கு விசை) அழுத்தி அத்தியாயக் குறிகளும் போடலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் சாதாரண எம்பி4-இல் பதிவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுக்கி வைக்கிற விஷயத்தில் ஓபிஎஸ் கைவிரித்துவிடும். கேம் பெயர் அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஸ்கிரிப்ட் போட வேண்டும். எல்லாம் ஒரே ஃபோல்டரில், தேதியும் நேரமும் மட்டுமே பெயராக விழும். போதாததற்கு, ஓபிஎஸ்ஸைத் திறந்ததும் ரீப்ளே பஃபரைத் தொடங்கு என்று ஒவ்வொரு முறையும் தனியாக அழுத்த வேண்டும். சேமிப்பதற்கான ஹாட்கீயையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் போச்சு.

கணினி கேம்களை வாங்கி ஆடும் தளமான ஸ்டீம் இந்தப் பந்தயத்துக்குத் தாமதமாக வந்தது. 2024 ஜூனில் பீட்டா, நவம்பரில் எல்லோருக்கும். ஆனால் ‘எங்கேடா அந்தக் காட்சி’ என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது இதுதான். செட்டிங்ஸில் ஆன் செய்துவிட்டால், கேம் ஓடும்போது பின்னணியில் பதிந்துகொண்டே போகும், நாம் மாற்றாதவரை 120 நிமிடம். அளவு நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். நிமிடங்களை வெறுமனே குவித்து வைக்காமல் ஒரு டைம்லைன் போட்டுக் கொடுக்கிறது. அச்சீவ்மென்ட் (கேம் தரும் சாதனைப் பதக்கம்) கிடைத்த இடம், ஸ்கிரீன்ஷாட் எடுத்த இடம் எல்லாம் அதில் புள்ளிகளாக நிற்கும். கன்ட்ரோலும் எஃப்12-உம் அழுத்தினால் நம் குறி ஒன்றும் விழும். கேமை எழுதியவர்கள் ஒத்துழைத்தால் இன்னும் நல்லது: கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் ரவுண்டு எங்கே தொடங்கியது, யாரை எங்கே எடுத்தோம், எங்கே செத்தோம் என்பதெல்லாம் டைம்லைனில் தெரியும். முழு மேட்ச்சையும் ஓட்டிப் பார்க்காமல் பதினேழாவது ரவுண்டுக்குத் தாவலாம். தேவையான பகுதியை வெட்டி, கியூஆர் கோடு வழியாக போனுக்கும் அனுப்பலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்டீம் ஓவர்லே (ஓடும் கேமுக்கு மேலே திறக்கும் ஸ்டீம் திரை) எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் இந்தப் பதிவும். வெளிக் கேமை ஸ்டீமில் சேர்க்கலாம்தான், ஆனால் ஓவர்லே திறக்காத கேமில் இதனால் பயனில்லை. அடுத்தது, பதிவு டிஸ்க்கில் கிடப்பது வீடியோ ஃபைலாக இல்லை, சில நொடித் துண்டுகளாக. நான் முதலில் சொன்ன மூன்றாவது ஃபோல்டர் அதுதான். எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்யாத எதுவும் ஸ்டீமுக்கு வெளியே வீடியோவாகத் திறக்காது. ஃபோல்டரை அப்படியே பழைய ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டுவிட்டு பேக்கப் எடுத்தாச்சு என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நான்காவது வழியில் வீடியோவே கிடையாது. கேமே எழுதி வைக்கும் ரீப்ளே ஃபைல், கவுன்டர் ஸ்டிரைக் ஆட்களுக்கு டெமோ. இதன் தாத்தா 1993-இல் வந்த டூம். அது விளையாடுபவர் அழுத்திய பட்டன்களை மட்டும் குறித்துக்கொண்டது. நொடிக்கு 35 முறை, ஒவ்வொரு முறையும் 4 பைட்: முன்னால் நடந்தாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, எவ்வளவு திரும்பினார், சுட்டாரா. நொடிக்கு 140 பைட். ஒரு மணி நேர ஆட்டம் அரை எம்பியில் அடங்கும். அதே ஒரு மணி நேரத்தை மேலே சொன்ன 50 எம்பிபிஎஸ் வீடியோவாக வைத்தால் 22.5 ஜிபி. திரும்பப் பார்க்கும்போது கேம் அந்தப் பட்டன்களைத் தானே அழுத்தி, ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக் காட்டும்.

இன்றைய டெமோக்கள் அவ்வளவு சின்னதில்லை. கவுன்டர் ஸ்டிரைக் டெமோ பல நூறு எம்பி வரும். ஆனால் அதில் கிடைப்பது எந்த வீடியோவிலும் கிடைக்காது: அதே ஸ்மோக்கை எதிரியின் கண்ணால் பார்க்கலாம், மேலே பறந்து பார்க்கலாம். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் 2013-க்குப் பிறகு, ரீப்ளேயின் நடுவில் நிறுத்தி அந்த இடத்திலிருந்து நாமே ஆட்டத்தைத் தொடரலாம். ‘எங்கே கோட்டை விட்டேன்’ என்று கற்றுக்கொள்ள நினைக்கிறவருக்கு மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது. அடுக்கி வைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். கவுன்டர் ஸ்டிரைக்குக்கு சிஎஸ் டெமோ மேனேஜர் என்ற இலவசக் கருவி டெமோக்களைப் பிரித்து, ரவுண்டு ரவுண்டாகப் பட்டியல் போடும். ராக்கெட் லீக் கேமின் ரீப்ளேக்களுக்கு பால்சேஸிங் தளம்.

கேம் அப்டேட் ஆனால்தான் இதற்குச் சனி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அடுத்த பேட்ச் வந்ததும் பழைய ரீப்ளே ஓடாது, பேட்ச்சோ கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஐந்து வருடம் கழித்துத் தங்கச்சி பையனுக்குக் காட்டலாம் என்று ரீப்ளே ஃபைலைச் சேர்த்து வைப்பது வீண். வைத்துக்கொள்ள வேண்டியதை வீடியோவாக மாற்றிவிட வேண்டும்.

விண்டோஸோடு வரும் கேம் பார், எதையும் நிறுவ முடியாத கணினிக்குச் சரி. விண்டோஸ் பட்டன், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பின்னணிப் பதிவை முன்பே ஆன் செய்திருந்தால், கடைசி 30 நொடி கிடைக்கும். மெடல், அவுட்பிளேட் போன்ற கிளிப் மென்பொருள்கள் கேமில் ஒரு கொலை விழுந்ததும் தாமாகவே கிளிப் எடுத்துத் தருகின்றன. டீம் முழுக்க அதில் இருந்தால் பகிர்வது சுலபம். எனக்கு ஒவ்வொரு சாதாரண கொலைக்கும் ஒரு கிளிப் சேர்ந்து குப்பையானதுதான் மிச்சம்.

இப்போது என் கணினியில் என்விடியா பக்கம் ஆஃப். ஸ்டீம் கேம்களுக்கு ஸ்டீமே பதிகிறது. நல்லது நடந்தால் கன்ட்ரோல் எஃப்12, மேட்ச் முடிந்ததும் அந்தக் குறிகளை மட்டும் பார்த்து, தேறியதை எம்பி4 ஆக்கி வெளியே எடுத்துவிடுகிறேன். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டு ஆடுகிற சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் ஓபிஎஸ், மூன்று டிராக்கோடு. நீள ஃபைல்களை லாஸ்லெஸ்கட் என்ற வெட்டும் மென்பொருளில் நறுக்குகிறேன். மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டுவதால் நொடியில் முடிகிறது, படமும் கெடுவதில்லை. கீஃபிரேமில்தான் (சில நொடிக்கு ஒருமுறை முழுப் படமாகப் பதியும் ஃபிரேம்) வெட்டும் என்பதால் தொடக்கம் இரண்டு மூன்று நொடி முன்னே பின்னே விழும், அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஃபைல் பெயரில் மேப், என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள் என்று தமிழிலேயே எழுதிவிடுகிறேன். விண்டோஸ் தேடலில் ‘ஸ்மோக்’ என்று அடித்தால் வருகிறது.

நண்பன் கேட்ட கிளிப்பும் கடைசியில் கிடைத்தது, ஒரு 20 நிமிட ஃபைலின் பதினாறாவது நிமிடத்தில். ஸ்மோக்குக்குள் நான் எடுத்தது இரண்டு பேரைத்தான். மூன்றாவது ஆளை எடுத்தது அவன்.