பஜிரோவுக்கு ரயர்: ஒன்லைனா, வவுனியா கடையா?

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு ரோட்டில ஓடுற ஆக்களுக்கு ரயர் கெதியா தேஞ்சு போகும், கல்லும் முள்ளும் அப்பிடி. என்ர பஜிரோ ஜீப்புக்கும் போன மாரிக்கு முதல் நாலும் மாத்த வேண்டி வந்திச்சு. ரெண்டு விதமாயும் வாங்கிப் பாத்தனான், அதான் எழுதுறன்.

ஒன்லைனில விலை குறைவு, சைஸும் நிறைய, 265/70ஆர்16 எண்டு அடிச்சா பத்து மேக் வரும், ஆனா ரயரைக் கண்ணால பாக்கேலாது பாருங்கோ. சைட்வோலில, அதான் ரயரின்ர பக்கச் சுவரில, டொட் (DOT) எண்ட எழுத்துக்குப் பிறகு வாற தொடரில கடைசி நாலு இலக்கம்தான் செய்த திகதி, 2324 எண்டா 2024இல 23ஆம் கிழமை செய்தது. ஓடர் போட முதல் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நான் கேக்காம விட்டு நாலு வருசப் பழசு ரெண்டு வந்து சேந்திச்சு, திருப்பி அனுப்புற லொறிக் கூலி என்ர தலையில. லோட் இன்டெக்ஸையும் பாருங்கோ, 112 எண்டா ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும், நெல்லு மூட்டை ஏத்துறவைக்கு இது முக்கியம்.

வவுனியாவில கொஞ்சம் கூடக் குடுக்கோணும், சைஸ் இல்லாட்டி ரெண்டு மூண்டு நாள் நிக்கோணும். ஆனா திகதியைத் தடவிப் பாத்து எடுக்கலாம், பூட்டி, பலன்ஸ் பண்ணி, அலைன்மென்டும் அங்கயே முடியும். ஒன்லைனில வாங்கினதைக் கொண்டுபோய்ப் பூட்டுறதுக்கும் காசு குடுக்கத்தானே வேணும், அதைக் கூட்டினா மிச்சம் பெரிசா இல்லை.

நான் இனிக் கடைதான். கடையில கிடைக்காத மட் ரெரைன் (சேத்து ரோட்டு ரயர்) சைஸ் எண்டா மட்டும் ஒன்லைன்.