ஒரே லாம்பு, இரண்டு பென்சில்

கிளிநொச்சி வீட்டில் கிடக்கும் பழைய அரிக்கன் லாம்பைப் பார்த்து அக்காவின் பிள்ளைகள் ஆளுக்கொரு படம் கீறியிருக்கிறார்கள். மூத்தவள் பாவித்தது 2எச், இளையவன் 6பி.

2எச் பென்சிலில் களிமண் கூட, அதனால் கோடு மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் விழும். கம்பிக் கைபிடியின் வளைவு, திரியை ஏற்றி இறக்கும் திருகு, எண்ணெய்த் தாங்கியின் விளிம்பு, எதிலும் பிசகில்லை. ஆனால் கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த லாம்பு போல இருக்கிறது, ஒருநாளும் எரியாதது.

6பியில் கிராபைட் கூட, மென்மையும் கருமையும் அதிகம். இளையவனின் சிமிலி ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, அது பிழைதான், ஆனால் சிமிலியின் மேல்பக்கத்தில் படிந்த புகைக்கரியை அவன் பென்சிலைச் சரித்துப் பிடித்துத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறான், கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்கும் இடத்தை வெறும் தாளாகவே விட்டிருக்கிறான், யார் சொல்லிக்கொடுத்தார்களோ. யுத்த காலத்தில் கரண்ட் இல்லாமல் லாம்பிலும் ஜாம் போத்தல் விளக்கிலும் படித்த வன்னி ஆட்களுக்கு அந்தக் கரி எங்கே படியும் என்று தெரியும். ஓரிடத்தில் மட்டும் அழுத்திவிட்டான், கிராபைட் மினுங்கி, கறுப்பே வெளிறித் தெரிகிறது.

சித்திரப் பாடத்தில் புள்ளி மூத்தவளுக்குத்தான் கிடைக்கும். சுவரில் மாட்ட எனக்கு 6பி. சரி, அது கைபட்டால் அப்பிவிடும், கண்ணாடிச் சட்டம் போடும்வரை மேலே ஒரு மெல்லிய தாள் வைக்கவேண்டும்.