ஏசியோவா, வாசாபியா, எம்எம்இயா: பாடுகிறவரின் காதுக்கு எது நல்லது?

தங்கை மகள் ஆதி தாள வர்ணம் ஒன்றைப் பாட, ரீப்பர் மென்பொருளில் பதிவு செய்துகொண்டிருந்தேன். விண்டோஸ் மடிக்கணினி, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவர, இரண்டு மைக் செருகும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, ஒரு ஹெட்ஃபோன். காலப்பிரமாணம் இழுக்கிறது என்று இரண்டு நாளாக அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டாள். “மாமா, நான் பாடிய பிறகுதான் என் குரல் காதுக்கு வருகிறது” என்றாள். ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தைத் திறந்தேன். டிரைவர் வகை, அதாவது மென்பொருளுக்கும் ஒலிக் கருவிக்கும் நடுவே ஒலியைக் கொண்டுபோகும் வழி, வேவ்அவுட் என்றிருந்தது. தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் எவருக்கும் பாட்டு மெதுவாகத்தான் செய்யும். தவறு முழுவதும் என் அமைப்பில் இருந்தது. திட்டு வாங்கியது அவள்.

டிரைவர் வகையைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு பட்டியலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. புதிய கணினி, விலை உயர்ந்த மைக் என்று யோசிப்பதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேவ்அவுட் என்று ரீப்பர் சொல்வது எம்எம்இ. 1991-இல் விண்டோஸுக்கு வந்த பழைய வழி இது. எந்தக் கணினியிலும் ஓடும், அது ஒன்றே இதன் பெருமை. ஒலி பல அடுக்குகளைத் தாண்டிப் போவதால் தாமதம் அதிகம். 1995-இல் வந்த டைரக்ட்சவுண்டும் பாடுகிறவருக்குப் பெரிய ஆறுதல் தராது. பதிந்ததைக் கேட்க இரண்டும் போதும். பதிவு செய்ய இரண்டையும் நான் தொடமாட்டேன்.

வாசாபி விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. இதில் இரண்டு முகங்கள் உண்டு. பகிர்வு முறையில், பிற நிரல்களின் ஒலியும் நம் ஒலியும் விண்டோஸின் கலவையில் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போகும். பாடல் ஒன்றை உலாவியில் கேட்டுக்கொண்டே வேலை செய்ய வசதி. ஆனால் அந்தக் கலவையில் நேரம் போகும். தனியுரிமை (எக்ஸ்க்ளூசிவ்) முறையில் கருவியை நம் மென்பொருளே பிடித்துக்கொள்ளும், மற்றவை ஊமையாகிவிடும். தாமதம் நன்றாகக் குறையும். தனி இன்டர்ஃபேஸ் வாங்காமல் மடிக்கணினியின் சொந்த ஒலிச் சில்லிலேயே பதிவு செய்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஏசியோ இவற்றிலிருந்து வேறுபட்ட பாதை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. விண்டோஸின் கலவையை ஒதுக்கிவிட்டு, மென்பொருளும் கருவியும் நேராகப் பேசிக்கொள்கின்றன. இதன் முக்கியமான நன்மை வேகம் மட்டுமன்று. தனக்கு எவ்வளவு தாமதம் ஆகிறது என்பதை டிரைவர் மென்பொருளிடம் சொல்கிறது. மென்பொருள் அந்த அளவுக்குப் பதிவை முன்னே நகர்த்தி, தாளத்தோடு சேர்த்து வைக்கிறது. எம்எம்இயில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அதனால்தான் கச்சிதமாகப் பாடியதுகூடத் திரையில், தாளம் தட்டும் மெட்ரோனோமுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏசியோ4ஆல் என்பது பெயரில் ஏசியோ. உள்ளே அது விண்டோஸின் சாதாரண டிரைவருக்கு மேல் போர்த்திய உறை. ஏசியோ டிரைவர் இல்லாத கருவிக்கு அது பெரிய உபகாரம். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் மைக்கிலிருந்து பதிவு செய்ய ஏசியோ வேண்டும், கியூபேஸ் என்ற இன்னொன்று விண்டோஸில் ஏசியோவை மட்டுமே கேட்கும் என்பதால் அங்கெல்லாம் அது கைகொடுக்கிறது. ஆனால் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தன் சொந்த டிரைவரைத் தந்திருக்கும்போது அதை விட்டுவிட்டு இதைப் போடுவது வீண் வேலை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு ஏசியோவே சரியில்லை என்கிறார்கள்.

யுஎஸ்பி மைக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மைக்கில் பதிவு, மடிக்கணினியின் துளையில் ஹெட்ஃபோன் என்று வைத்தால் இரண்டு கருவிகள், இரண்டு கடிகாரங்கள். நீண்ட பதிவில் அவை மெல்ல விலகும். மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் செருகுங்கள்.

டிரைவருக்கு அடுத்தது பஃபர், அதாவது கணினி ஒவ்வொரு முறையும் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு. விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் (சாம்பிள்) என்பதே சாம்பிள் ரேட். 48,000 சாம்பிள் ரேட்டில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, யுஎஸ்பிக்கும், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் ஆக்கும் மாற்றிகளுக்கும் கொஞ்சம் என்று கூட்டினால் ஒன்பது பத்து மில்லி விநாடி வரை போகலாம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி ஆகிறது. ஆக, மேடையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தைக் கேட்பது போன்ற தாமதம்தான் அது. அதற்குப் பாடகர்கள் பழகியிருக்கிறார்கள். பஃபரை 1024 ஆக்கினால் ஒரு பக்கத்துக்கே 21 மில்லி விநாடி. பதிந்த பிறகு கலவை செய்யும்போது அதுவே நல்லது, எதிரொலி போன்ற ஒலி விளைவுகளை அடுக்கினாலும் படபடவென்ற வெடிப்பு வராது. பாடும்போது 128, கலக்கும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளச் சோம்பல்படக் கூடாது.

சாம்பிள் ரேட்டில் ஏமாந்தால் விளைவு காதுக்கே தெரியும். 44,100-இல் பதிந்ததை 48,000 வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஐந்து கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தத் தம்புராவோடும் சேராமல் நிற்கும். வாசாபியின் பகிர்வு முறையில் விண்டோஸே மாற்றிக் கொடுத்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஏசியோவில் கருவியின் அமைப்புப் பலகையிலும் மென்பொருளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் கவலையே இல்லை. கோர் ஆடியோ ஒன்றுதான், அதுவும் நன்றாக வேலை செய்கிறது.

அன்று தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரை நிறுவி, பஃபரை 128-இல் வைத்தேன். பிறகு இன்டர்ஃபேஸின் முதல் வெளியீட்டிலிருந்து முதல் உள்ளீட்டுக்கு ஒரு கம்பியைச் செருகி, மெட்ரோனோம் தட்டலை ஒலிக்கவிட்டு அதையே திரும்பப் பதிவு செய்தேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு தட்டல்களும் ஒரே கோட்டில் நின்றன. கம்பியைப் பிடுங்கி மைக்கைச் செருகிவிட்டு அவளை அழைத்தேன். வந்து உட்கார்ந்தவள் பல்லவியிலிருந்து சிட்டைஸ்வரம் வரை ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அந்தப் பதிவையே வைத்துக்கொண்டோம்.